கிராமத்து வீட்டுக் கொல்லையில் வாழும் உயிர்கள்

கிராமத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடித்தவுடன் அதில் குடிபுகுவோர் வீட்டுக்குரியவர் மட்டுமல்லர். கூரையின் இறவாரத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டுகிறது. விளக்கின் அருகே பல்லி இடம் பிடிக்கிறது. நீர்த்தொட்டியின் அடியில் தேரை ஒதுங்குகிறது. மாட்டுத்தொழுவத்தை அடுத்த வைக்கோற்போரில் எலியும், அந்த எலியைத் தேடிச் சாரைப்பாம்பும் வந்து சேர்கின்றன. கொல்லையிலுள்ள முதிய மாமரத்தின் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. இவற்றைக் காண்பதற்குக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை, பொருட்செலவும் இல்லை. திண்ணையில் அரைமணி நேரம் அசையாது அமர்ந்திருக்கும் பொறுமை இருந்தாற் போதும்.

இவ்வாறு கவனிப்பதை வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. இந்தியாவில் ஒரு பங்களாவைச் சுற்றிக் காணப்படும் எலி, பல்லி, எறும்பு, காகம், தவளை முதலியவற்றையே பொருளாகக் கொண்டு ‘தி டிரைப்ஸ் ஆன் மை ஃபிரான்டியர்’ என்ற நூல் 1883-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை எழுதிய ஈ. எச். ஏட்கென் சத்தாராவிற் பிறந்தவர். சுங்க, உப்பு இலாகாவில் பணியாற்றியவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அதே ஆண்டில் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். அலுவல் நிமித்தம் ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளரும் இயற்கை நூல் வல்லுநராகலாம் என்பதற்கு அவர் சான்று.

ஆயினும் இம்மகிழ்ச்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்ணெதிரே வருவது எவ்வுயிர், அதனால் நன்மை எது, தீமை எது என்று அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு இல்லாத வீட்டில் தீங்கற்ற அரணையும் சாரையும் அடிபட்டு மடிகின்றன. உண்மையான ஆபத்தைத் தரக்கூடிய கட்டுவிரியனோ கவனிப்பாரின்றி உள்ளே வந்து செல்கிறது. 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். ஆகவே, கொல்லைப்புறத்து உயிர்களை அறிவது அழகுணர்ச்சியைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, உயிர்காக்கும் கல்வியுமாகும்.

உயிர்கள் வீட்டை நாடுவது ஏன்?

உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றும் கிடைக்குமிடத்தைப் பிராணிகள் நாடுகின்றன. கிராமத்து வீட்டில் இம்மூன்றும் ஒருங்கே உள்ளன. களத்தில் சிந்திய தானியம் குருவிகளையும் எலிகளையும் வரவழைக்கிறது. எலி உள்ளவிடத்தில் பாம்பும் கீரியும் ஆந்தையும் தோன்றும். எருக்குழியில் வண்டுப் புழுக்கள் பெருகுகின்றன. அவற்றைக் கிளறித் தின்ன மைனாவும் கொண்டலாத்தியும் வருகின்றன. கிணற்றடியில் எப்பொழுதும் ஈரம் இருப்பதால் தவளைகள் கோடையிலும் அங்குத் தங்குகின்றன. வேலிப்புதரும் விறகுக் குவியலும் ஓணானுக்கும் அரணைக்கும் உறைவிடம்.

எனவே கொல்லையைத் தனித்தனி உயிர்களின் கூட்டமாகக் கருதலாகாது. அது ஓர் உணவுச் சங்கிலி. பள்ளியில் கரும்பலகையில் வரைந்து காட்டப்படும் சங்கிலியை மாணவன் தன் வீட்டுக்குப் பின்னாலேயே கண்கூடாகக் காணலாம்.

பகற்பொழுதில் காணத்தக்கவை

விடியற்காலையில் முதலில் கேட்பது பெரும்பாலும் குண்டுக்கரிச்சானின் பாட்டு. கறுப்பும் வெள்ளையுமான இச்சிறு பறவை, இனப்பெருக்க காலத்தில் உயர்ந்த கிளையின் நுனியிலோ கூரை முகட்டிலோ அமர்ந்து நெடுநேரம் பாடும். பாடுவது ஆண், ‘இவ்விடம் எனது’ என்று பிற ஆண்களுக்கு அறிவிப்பதும், பெண்ணை அழைப்பதும் அப்பாட்டின் நோக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் இறங்கிச் சருகைப் புரட்டும். இவற்றை இந்தியில் ‘ஏழு சகோதரர்’ என்னும் பொருள்பட ‘சாத் பாய்’ என்பர். ஆங்கிலத்திலோ ‘ஏழு சகோதரிகள்’ என்பர். ஒரு கூட்டத்தினர் சேர்ந்து உணவு தேடுவதோடு, கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குத் தாய் தந்தையர் அல்லாத பறவைகளும் இரை ஊட்டுகின்றன. இப்பறவைகள் திடீரென ஓரிடத்திற் கூடிக் கடுமையாகக் கூச்சலிட்டால், அப்புதரில் பூனையோ பாம்போ ஆந்தையோ மறைந்திருக்கக்கூடும். அணிலும் மைனாவும் அவ்வாறே எச்சரிக்கைக் குரல் எழுப்பும். இக்குரல்களை அறிந்துகொண்டவர் வேலியருகே கால் வைக்குமுன் தாமும் எச்சரிக்கை அடையலாம்.

அணிலையும் கூர்ந்து நோக்குவது நன்று. தென்னிந்திய வீடுகளில் காணப்படும் அணிலின் முதுகில் மூன்று வெளிர்ந்த கோடுகள் உள்ளன. வட இந்தியச் சமவெளியில் வீட்டைச் சுற்றித் திரிவது ஐந்து கோடுகளையுடைய வேறோர் இனம். மாற்றலாகி வேறு மாநிலத்துக்குச் செல்லும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைத் தம் மாணவர்க்கு எடுத்துக் கூறலாம்.

கூடு கட்டும் கலைக்குக் கொல்லையில் இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுக்கள் கிடைக்கின்றன. சிட்டுக்குருவியினும் சிறிய தையற்சிட்டு, அகன்ற இலைகளின் விளிம்பில் அலகினால் துளையிட்டு, பஞ்சு, நார், சிலந்தியிழை ஆகியவற்றை அத்துளைகளில் நுழைத்து இலைகளைப் பையாகத் தைக்கிறது. இழையின் நுனி பிரிந்து பருத்திருப்பதால் துளையினின்றும் நழுவுவதில்லை. அப்பையினுள் மென்மையான பஞ்சு பரப்பி முட்டையிடுகிறது. பச்சை இலையே சுவராக இருப்பதால் அருகில் நின்றாலும் கூடு தெரிவதில்லை.

மற்றொன்று தூக்கணாங்குருவியின் கூடு. கிணற்றின் மேலே சாய்ந்த பனை, ஈச்சம், கருவேலம் முதலிய மரங்களில் இக்கூடுகள் கூட்டமாகத் தொங்கும். பறவை நூல் வல்லுநர் சலீம் அலி, 1930-ஆம் ஆண்டளவில் பம்பாய்க்குத் தெற்கே கடற்கரைக் கிராமமான கிஹிமில் தங்கியிருந்தபோது, தம் இல்லத்தின் அருகிலிருந்த கூடுகளைத் தொடர்ந்து கவனித்தார். கூட்டை முடைவது ஆண் பறவை. அது பாதியளவு முடிந்தவுடன் பெண் பறவைகள் வந்து ஆராய்கின்றன. ஒரு பெண் அதனை ஏற்றுக்கொண்டால் ஆண் எஞ்சிய வேலையை முடிக்கிறது. ஏற்கப்படாத கூடு பாதியிலேயே நின்றுவிடும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை அழைக்கிறது. மரத்தில் முழுக்கூடுகளுடன் அரைக்கூடுகளும் தொங்குவதன் காரணம் இதுவே. நாட்டுப்புற வீட்டிலிருந்தபடி, விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, நாள்தோறும் குறிப்பெடுத்ததன் பயனாகவே இவ்வுண்மை தெளிவாயிற்று.

ஈசல் புறப்படும் மாலை

கொல்லைப்புறத்தின் உணவுச் சங்கிலி முழுவதும் ஒரே வேளையில் வெளிப்படுவதைக் காண விரும்புவோர் மழைக்காலத் தொடக்கத்தில் ஈசல் புறப்படும் மாலையைத் தவறவிடலாகாது. மண் நனைந்து காற்று அடங்கியிருக்கும்போது, கறையான் புற்றின் துளைகளிலிருந்து இறகு முளைத்த ஆண், பெண் கறையான்கள் ஆயிரக்கணக்கில் எழுகின்றன. முதலில் காகமும் மைனாவும் புற்றருகே நின்று பொறுக்குகின்றன. இரட்டைவாற் கரிச்சானும் பஞ்சுருட்டானும் வானிலேயே பாய்ந்து பிடிக்கின்றன. பருந்தும் இச்சிறு இரைக்காக வட்டமிடுவதுண்டு. இருட்டியதும் வௌவாலும் புள்ளி ஆந்தையும் பொறுப்பேற்கின்றன. விளக்கொளிக்கு வந்து விழுபவற்றைச் சுவரில் பல்லியும் தரையில் தேரையும் உண்கின்றன. எஞ்சியவை இறகுதிர்த்து இணையாக மண்ணுள் புகுந்து புதிய புற்றுக்கு அடிகோலும். அத்துணை ஆயிரத்தில் அவ்வாறு பிழைப்பவை மிகச் சிலவே.

இருள் சூழ்ந்தபின்

சுவரில் ஓடும் பல்லி ஏன் விழுவதில்லை என்பது குழந்தைகள் தவறாது கேட்கும் வினா. அதன் விரல்களின் அடியில் மெல்லிய தகடுகள் அடுக்காக உள்ளன. அத்தகடுகளின் மேல் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்மயிர்கள் இருக்கின்றன. அம்மயிர் நுனிகள் சுவரை மிக நெருங்கிப் படியும்போது மூலக்கூறுகளுக்கிடையே தோன்றும் கவர்ச்சி விசை பல்லியைத் தாங்குகிறது. பசையோ உறிஞ்சுதலோ அங்கில்லை. பகைவன் பற்றினால் பல்லி வாலைத் துண்டித்துவிட்டு ஓடும்; துடிக்கும் வாலைப் பகைவன் நோக்கியிருக்கும் வேளையில் உயிர் தப்பும். வால் மீண்டும் வளரும்; ஆனால் முன்னிருந்த முள்ளெலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பே அதனுள் அமையும்.

ஆந்தைகளுள் வீட்டருகே மிகுதியும் காணப்படுவது புள்ளி ஆந்தை. அந்தி வேளையில் இணையாக வெளிவந்து, தலையை மேலுங் கீழும் அசைத்து மனிதரை உற்று நோக்கும் அதன் தோற்றம் வேடிக்கையானது. பாழடைந்த கட்டடங்களில் தங்கும் கூகை, இதயவடிவான வெண்முகம் உடையது. அது எலியை முழுதாக விழுங்கிச் சில மணி நேரத்துக்குப் பின் செரியாத மயிரையும் எலும்பையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. கூகை தங்குமிடத்தின் கீழ் இவ்வுருண்டைகள் கிடைக்கும். அவற்றை வெயிலில் நன்கு காயவைத்து, கையுறை அணிந்து, கிருமிநாசினி கலந்த நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டையோடுகள் வெளிப்படும். அவற்றை எண்ணினால் அந்த ஆந்தை உழவனுக்குச் செய்த உதவியின் அளவு மாணவர்க்கு விளங்கிவிடும்.

பின்னிரவில் ஓட்டின் மேல் காலடியோசை கேட்டால் அது பெரும்பாலும் மரநாயாக இருக்கும். பெயரில் நாய் இருப்பினும் இது நாயினமன்று; புனுகுப்பூனையின் உறவினம். பழங்களைப் பெரிதும் விரும்பி உண்டு, விதைகளைத் தொலைவிலே பரப்புகிறது. இதன் உடலில் எழும் மணத்தால் வங்காளத்தில் இதனைக் ‘கந்தகோகுல்’ என்பர்.

அச்சமும் உண்மையும்

அரணை தீண்டினால் மரணம் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரூன்றியது. நாட்டின் வேறு பகுதிகளிலும் அதனை நச்சுப்பிராணியென்று அஞ்சுவோர் உண்டு. அரணைக்கு நஞ்சு கிடையாது. பல்லிக்கும் நஞ்சில்லை, ஆயினும் அதன் எச்சத்தில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடுமாதலால், பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரியே. செந்நிறத் தலையுடன் தோன்றும் ஓணான் இரத்தம் உறிஞ்சியதால் சிவந்தது என்பர். அது இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணான் கொள்ளும் நிறமேயன்றி வேறில்லை.

சாரைப்பாம்பு பசுவின் காலைச் சுற்றிக்கொண்டு பாலைக் குடிப்பதாகப் பல மாநிலங்களில் கூறுவர். பாலை உறிஞ்சுவதற்கு வேண்டிய உதடோ தசையமைப்போ பாம்புக்கு இல்லை. பின்னோக்கி வளைந்த கூரிய பற்கள் மடியில் பட்டால் பசுவும் அமைதியாக நின்றுகொண்டிராது. சாரை தொழுவத்துக்கு வருவது எலிக்காகவே. சாரையும் நாகமும் பின்னிப் பிணைந்து ஆடுவதாகச் சொல்லப்படும் காட்சியும் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று அழுத்தி வீழ்த்த முயலும் வலிமைப் போட்டியாகும்.

பாம்புடன் பொருதபின் கீரி மூலிகை தின்று பிழைக்கிறது என்பதும் ஆதாரமற்றது. நரம்பின் கட்டளையைத் தசை ஏற்றுக்கொள்ளும் இடத்திலுள்ள புரதம் கீரிக்குச் சற்றே மாறுபட்ட அமைப்புடையது. நாகத்தின் நரம்பு நஞ்சு அதில் எளிதிற் பற்றுவதில்லை. அதன் விரைவும் அடர்ந்த மயிரும் மேலும் துணைபுரிகின்றன.

ஆந்தையைப் பற்றிய கருத்து இடத்துக்கு இடம் மாறுகிறது. வங்காளத்தில் வெண்ணிறக் கூகை வீட்டில் தங்குவதை இலக்குமியின் வருகையாகப் போற்றுவர். வேறு பல பகுதிகளில் அதே பறவையின் குரலை அபசகுனம் என்று கருதிக் கல்லெறிவர். பறவை ஒன்றே; மாறுவது மனித மனமே.

பாம்பைப் பற்றி அறிய வேண்டுவன

இந்தியாவில் சுமார் 300 பாம்பினங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை. மிகுதியான மரணங்களுக்குக் காரணமாகக் கருதப்படுபவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. மருத்துவமனைகளில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து இந்நான்கின் நஞ்சுக்கும் எதிராகத் தயாரிக்கப்படுவது.

இவற்றுள் வீட்டினுள் நிகழும் கடிக்குக் கட்டுவிரியன் முக்கியமானது. பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும் இப்பாம்பு, தரையில் படுத்துறங்குவோரைக் கடித்துவிடுகிறது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. கடிபட்டவர் விழித்துக்கொள்ளாமலும் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தாழ்தல், விழுங்க இயலாமை முதலிய குறிகள் தோன்றும். காரணம் தெரியாத இக்குறிகளைக் கண்டவுடன் பாம்புக்கடியென ஐயுற்று மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். சுவரேறிப் பல்லி தின்னும் நஞ்சற்ற பாம்பொன்று கட்டுவிரியனைப் போலவே வெள்ளைப் பட்டைகள் உடையது. அதற்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகவும் வாற்புறம் மங்கியும் இருக்கும். கட்டுவிரியனுக்கு முன்புறம் மங்கி, வாற்புறம் தெளிவாக இருக்கும். இவ்வேறுபாடு தொலைவிலிருந்து அறிவதற்கே உரியது. ஐயமுள்ள பாம்பு எதனையும் நெருங்கலாகாது.

தடுப்பு முறைகள் எளியவை. தரையில் உறங்காமல் கட்டிலில், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கடியில் நன்கு செருகி உறங்குதல். இரவில் கைவிளக்குடனும் காலணியுடனும் நடத்தல். வைக்கோற்போரையும் விறகையும் வீட்டுச் சுவரினின்று தள்ளி அடுக்குதல். படுக்கும் அறையில் தானியம் சேமிக்காதிருத்தல். சுவரின் வளைகளை அடைத்தல். பொந்தினுள்ளோ கூரையினுள்ளோ கைவிடாதிருத்தல் ஆகியவை முக்கியம். பாம்புக்கடி மரணங்களில் ஏறத்தாழப் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைமாதங்களில் நிகழ்வதால், அக்காலத்தில் இவ்விதிகளை வலியுறுத்த வேண்டும்.

கடிபட்டவரை அமைதிப்படுத்திக் கடிபட்ட உறுப்பை அசையாது வைத்தல், மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றுதல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் ஆகியவையே முதலுதவி. இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் கூடா. பாம்பைத் துரத்திப் பிடிக்க முயன்று மற்றொருவர் கடிபடுவதும் உண்டு. பாம்புக்கடி மரணங்களை 2030-ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைக்கும் நோக்கத்துடன் மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதன் வெற்றி கிராமத்து வீடுகளில் இச்செய்திகள் சென்று சேர்வதைப் பொறுத்ததாகும்.

கவனிக்கும் முறை

ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். நாள், நேரம், வானிலை, கண்ட உயிர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை ஆறு கட்டங்களில் எழுதலாம். பெயர் தெரியாதவிடத்து அளவு, நிறம், குரல் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஆசிரியர் மாணவருக்கு விடை கூறுவதைவிட வினாக்களைக் கொடுப்பது பயன் தரும். சிட்டுக்குருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருகிறது? குயிலின் முதற்குரல் எந்த வாரத்தில் கேட்டது? அப்பொழுது காகங்கள் கூடு கட்டத் தொடங்கியிருந்தனவா? விளக்கருகே எத்தனை பல்லிகள் வருகின்றன? மழைக்குப் பின் எத்தனையாவது இரவில் தவளைகள் கத்தின? இவை ஆண்டுதோறும் குறிக்கப்படின், ஊரின் பருவ மாற்றத்தைக் காட்டும் பதிவேடாகும்.

இக்குறிப்புக்களை நாட்டளவில் பயன்படுத்தவும் வழியுண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியரும் பங்குகொள்கின்றனர். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்திற் கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்வதே அதன் முறை. பள்ளி வளாகத்திலிருந்தும் இதனைச் செய்யலாம்.

எவ்வுயிரையும் கையாற் பிடித்தலோ, கூட்டைக் கலைத்தலோ, குஞ்சை எடுத்து வளர்த்தலோ கூடாது. கீரி, குரங்கு, வௌவால் முதலியவற்றின் கடியாலும் வெறிநோய் பரவக்கூடும். கடிபட்டால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் தடுப்பூசி பெறவேண்டும்.

கொல்லையைக் காத்தல்

இவ்வுயிர்களுக்கென்று பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. பட்டுப்போன கிளையாயினும் பொந்துள்ள மரத்தை, வீட்டின்மேல் விழும் அபாயமில்லையெனின், விட்டுவைக்கலாம். வேலியைக் கம்பியாக மாற்றுமிடத்தும் ஓரத்திற் சில புதர்களை வளர்க்கலாம். ஓடும் கூரையும் மறைந்து காரைத்தளம் வந்த வீடுகளில் சிட்டுக்குருவிக்குப் பொந்துகள் இல்லை. மரப்பெட்டியொன்றை இறவாரத்தில் மாட்டினால் அது குடிபுகும். கோடையில் ஆழமற்ற மண்சட்டியில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். மாற்றாவிடில் கொசு பெருகும். எலி நஞ்சை மிகுதியாகப் பயன்படுத்துவது தவறு. நஞ்சுண்டு தளர்ந்த எலியை ஆந்தை பிடித்துண்டு தானும் மடிகிறது; எலியைக் கட்டுப்படுத்தும் வேலையாளை இழந்த வீட்டில் எலிகள் மீண்டும் பெருகுகின்றன. தானியத்தை எலி புகாத கொள்கலத்தில் வைப்பதே முதல் பரிகாரம்.

நாகம், ஆந்தை, கீரி, உடும்பு முதலியவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். தீபாவளியையொட்டி மூடநம்பிக்கையால் ஆந்தைகள் பிடிக்கப்படுவதும், தூரிகைக்காகக் கீரிகள் கொல்லப்படுவதும் உண்டு. களப்பணியாளர் இவற்றை அறிந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். வீட்டினுள் பாம்பு புகுந்தால் குழந்தைகளையும் கால்நடைகளையும் விலக்கி, தொலைவில் நின்று அதனைக் கண்காணித்தபடி, வனத்துறையினருக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ பயிற்சி பெற்றவருக்கோ சொல்லியனுப்புவதே முறை.

ஒரு கிராமத்தில் பணியாற்றும் ஆசிரியரோ சுகாதாரப் பணியாளரோ முதலாண்டில் பத்து உயிர்களின் பெயரையும் பழக்கத்தையும் மக்களுடன் சேர்ந்து அறிந்துகொள்ளலாம். அவற்றுள் முதலாவதாகக் கட்டுவிரியனும் இரண்டாவதாகச் சாரையும் இருத்தல் நலம். முன்னதை அறிந்தால் மனித உயிர் காக்கப்படும். பின்னதை அறிந்தால் ஒரு நல்ல அண்டை உயிர் அடிபடாது தப்பும். எஞ்சிய எட்டையும் அவரவர் கொல்லையே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும்.